வாசகர் கேள்வி பதில்: நாடு, எல்லை, கடல், தொகுதி

போன இதழ்ல அரசியல் புவியியல் பத்தி எந்த சந்தேகமா இருந்தாலும் எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். காலேஜ் பசங்க, குரூப் 1, யுபிஎஸ்சிக்குப் படிக்கிறவங்க, ராமேஸ்வரத்துலேர்ந்து கடலுக்குப் போற ஒருத்தர்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன். சில பதில் நீளமா போகும், பொறுமையா படிங்க, விஷயம் அப்படிப்பட்டது.

கேள்வி: ஸ்டேட், நேஷன், நேஷன்-ஸ்டேட் மூணும் புக்ல ஒரே மாதிரிதான் சார் இருக்கு. மனப்பாடம் பண்ணாம புரியற மாதிரி சொல்லுங்களேன்.
(பி.ஏ. மாணவி, திருச்சி)

பதில்: மனப்பாடமே வேண்டாம்மா. குர்து மக்களை மனசுல வெச்சுக்கோங்க, நேஷன்னா என்னன்னு பிடிபட்டுடும். துருக்கி, ஈராக், ஈரான், சிரியான்னு நாலு நாட்டுக்குள்ள கோடிக்கணக்கான பேர் பிரிஞ்சு கிடக்காங்க. பேசுற மொழி, கொண்டாடுற நெவ்ரோஸ், நாமெல்லாம் ஒரே ஜனம்ங்கிற நெனப்பு எல்லாம் இருக்கு, ஆனா தங்களுக்குன்னு ஒரு நாடு கிடையாது. முதல் உலகப்போர் முடிஞ்சு 1920ல போட்ட செவ்ர் ஒப்பந்தத்துல தனிநாடு அமையறதுக்கு ஒரு வழி எழுதி வெச்சிருந்தாங்க, மூணே வருஷத்துல லோசான் ஒப்பந்தம் வந்து அந்தப் பேச்சே காணாமப் போச்சு. ஆக நேஷன் இருக்கு, ஸ்டேட் இல்ல.

ஸ்டேட்ங்கிறது சட்டக் கணக்கு. 1933ல மான்டிவிடியோ ஒப்பந்தத்துல அதுக்கு நாலு தகுதி எழுதினாங்க, நிலையா வாழுற மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், மத்த நாடுகளோட உறவு வெச்சுக்கிற திறன். எக்ஸாம்ல இதை எழுதினா மார்க் வந்துடும், ஆனா அதோட நிறுத்திடாதீங்க. சோமாலிலாண்ட் 1991ல சோமாலியாவை விட்டுப் பிரிஞ்சதா அறிவிச்சுச்சு, சொந்தப் பணம், சொந்த போலீஸ், தேர்தல் நடந்து ஆட்சி கைமாறினதும் உண்டு, ஆனா முப்பது வருஷம் தாண்டியும் ஐ.நா.ல உறுப்பினர் இல்ல. நாலு தகுதியும் இருந்தா அதுவே நாடா, இல்ல மத்தவங்க ஒத்துக்கிட்டாதான் நாடாங்கிறது சட்டம் படிச்சவங்களுக்குள்ளயே தீராத வழக்கு.

நேஷன்-ஸ்டேட்னா ஒரே ஜனம், ஒரே நாடு, ரெண்டுக்கும் எல்லை ஒண்ணு. புக்ல ஜப்பானை உதாரணம் போட்டிருப்பாங்க. அங்கேயே ஐனுன்னு ஒரு பழங்குடி இருக்காங்க, அவங்களைப் பூர்வகுடின்னு ஏத்துக்கணும்னு ஜப்பான் பார்லிமென்ட் தீர்மானம் போட்டதே 2008லதான். கலப்பே இல்லாத நேஷன்-ஸ்டேட்னு ஒண்ணு நிஜத்துல கிடையாதுங்கிறதுதான் என் கருத்து, அப்படி ஒண்ணை வலுக்கட்டாயமா உண்டாக்கப் போன இடத்துலயெல்லாம் ஜனங்களோட வாழ்க்கை நாசமாயிருக்கு. 1923ல கிரீஸும் துருக்கியும் மக்களையே மாத்திக்கிட்டாங்க, துருக்கிலேர்ந்து பன்னெண்டு லட்சம் போல ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க கிரீஸுக்கு, கிரீஸ்லேர்ந்து நாலு லட்சத்துக்குக் கிட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கு. யார் எந்தப் பக்கம்ங்கிறதுக்கு மதம்தான் அளவுகோல், அதனால அனத்தோலியா உள்நாட்டுல தலைமுறை தலைமுறையா துருக்கி மொழி மட்டுமே பேசிட்டிருந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் மூட்டை கட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை கூட புரியாத கிரீஸுக்குப் போய் இறங்கினாங்க. பரீட்சைக்கு ஒரு உதாரணம் போதும்னா இதை எழுதுங்க, மூணு கருத்தும் இதுக்குள்ளயே இருக்கு.

கேள்வி: புதுச்சேரிலேர்ந்து கடலூருக்கு பஸ்ல வரும்போது தமிழ்நாடு, புதுச்சேரி, திரும்ப தமிழ்நாடுன்னு போர்டு மாறி மாறி வருது. ரெண்டு நாட்டுக்கு நடுவுல இப்படி எங்கயாவது இருக்கா?
(தனியார் நிறுவன ஊழியர், கடலூர்)

பதில்: உங்க ரூட்ல ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி, காரணம் பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்த கிராமங்கள் ஒரே துண்டா இல்லாததுதான். 1954 நவம்பர்ல நிர்வாகம் நம்ம கைக்கு வந்துச்சு, 1962ல சட்டப்படியும் சேர்ந்துச்சு, துண்டுகள் அப்படியே நின்னுடுச்சு, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் அந்தக் கணக்குதான். ஒரே நாட்டுக்குள்ள இருக்கிறதால உங்களுக்கு அதிகபட்சம் பெட்ரோல் விலை, ஒயின் ஷாப், வண்டி நம்பர் இதுலதான் வித்தியாசம் தெரியும்.

இதே துண்டு நெலம் ரெண்டு நாட்டுக்கு நடுவுல போனா என்ன ஆகும்னு பாக்கணும்னா மேற்கு வங்கத்துல கூச் பிஹாருக்குத்தான் போகணும். என்கிளேவ்னு புக்ல வர்றதை அந்த ஊர்ல சிட்மஹல்னு சொல்லுவாங்க. வங்கதேசத்துக்குள்ள இந்தியாவோட துண்டு 111, இந்தியாவுக்குள்ள வங்கதேசத்தோட துண்டு 51. இதுலயும் துண்டுக்குள்ள துண்டு உண்டு, தஹலா கக்ராபாரின்னு ஒரு இடம் வங்கதேசத்துக்குள்ள ஒரு இந்தியத் துண்டு, அதுக்குள்ள ஒரு வங்கதேசத் துண்டு, அந்தத் துண்டுக்குள்ள இருந்த ஒரு இந்திய வயல். சணல் போடுற வயல், மொத்தமே 7,000 சதுர மீட்டர்தான், ரெண்டு ஏக்கர் கூட இல்ல. உலகத்துலயே அந்த மாதிரி மூணு அடுக்கு உள்ள இருந்த இடம் அது ஒண்ணுதான்.

கூச் பிஹார் ராஜாவும் பக்கத்து ரங்பூரை ஆண்டவரும் சதுரங்கம் ஆடி கிராமங்களைப் பந்தயம் வெச்சுத் தோத்தாங்கன்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது, சில பாடக் குறிப்புல கூட பாத்திருக்கேன், அதை நம்பி எழுதிடாதீங்க. 1700களோட ஆரம்பத்துல முகலாயப் படைக்கும் கூச் பிஹாருக்கும் சண்டை நடந்து ஒப்பந்தம் போட்டப்ப யார் கையில எந்த நெலம் இருந்துச்சோ அப்படியே விட்டுட்டாங்க. அன்னைக்கு அது யாருக்கும் தொந்தரவு இல்ல, வரி யாருக்குக் கட்டுறதுங்கிறது மட்டும்தான் வித்தியாசம், நடக்க, சந்தைக்குப் போக, பொண்ணு எடுக்க எந்தத் தடையும் இல்ல.

1947ல இந்தியா, பாகிஸ்தான் எல்லையைப் பிரிக்க பிரிட்டிஷ் வக்கீல் சிரில் ராட்கிளிஃப் வந்தாரு. அதுக்கு முன்ன இந்தியாவுல காலே வெச்சதில்ல, ஜூலை 8ஆம் தேதி வந்து இறங்கினவரோட கோடு ஆகஸ்ட் 17ல வெளியாச்சு, சுதந்திரம் வந்து ரெண்டு நாள் கழிச்சு. ஆனா அவர் பிரிச்சது பிரிட்டிஷ் மாகாணத்தை மட்டும். கூச் பிஹார் மன்னர் சமஸ்தானம், அவர் பென்சில் அங்க போகல. ரங்பூர் பாகிஸ்தான் பக்கம் போச்சு, கூச் பிஹார் 1949ல இந்தியாவோட சேர்ந்துச்சு, அவ்வளவுதான், அதுவரைக்கும் வெறும் வரிக் கணக்கா இருந்த துண்டுகள் ஒரே நாள்ல வெளிநாடு ஆயிடுச்சு.

அதுக்கப்புறம் அந்த ஜனங்க பட்ட பாட்டை நெனச்சா இன்னைக்கும் மனசு ஆறல. அரசாங்கம்னு ஒண்ணு உள்ள வரவே இல்ல, ஏன்னா இந்தியத் துண்டுக்கு இந்திய அதிகாரி போகணும்னா வங்கதேசத்தைக் கடக்கணும், சுத்தி இருக்கிற வங்கதேச அதிகாரிக்கு அந்தத் துண்டு மேல அதிகாரம் இல்ல. கரண்ட் கம்பம் வேலியோட நின்னுடும். ரேஷன் இல்ல, ஓட்டு இல்ல, போலீஸ் ஸ்டேஷன் இல்ல, கொலை நடந்தாலும் எங்க போய்ப் புகார் குடுக்கறதுன்னு தெரியாது. பிள்ளையைப் பக்கத்து ஊர் ஸ்கூல்ல சேர்க்கணும்னா அந்த ஊர்க்காரர் ஒருத்தரை அப்பான்னு எழுதிக் குடுப்பாங்க, ஆஸ்பத்திரில பிரசவத்துக்குப் போனா புருஷன் பேரை மாத்திச் சொல்லுவாங்க. பெத்தவன் பேரையே சர்டிபிகேட்ல எழுத முடியாத நெலமை, அதுவும் ரெண்டு மூணு தலைமுறைக்கு. டெரிட்டரி, சாவரின்டின்னு நாம பாடத்துல படிக்கிறது ஒரு ஏழைக் குடும்பத்துக்கு என்னவா வந்து சேருதுன்னு இதைவிடத் தெளிவா காட்டுற இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

தீர்வு தெரியாம இருந்துச்சான்னா அதுவும் இல்ல. 1958ல நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் பேசி முடிச்சாங்க, அதுல பாதி பாகிஸ்தானுக்குன்னு முடிவான பேருபாரிங்கிற ஊரோட விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், இந்தியா நெலத்தை விட்டுக்குடுக்கணும்னா அரசியல் சட்டத்தையே திருத்தணும்னு 1960ல கருத்து வந்துச்சு. 1974ல இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்துப் போட்டாங்க, வங்கதேசம் அந்த வருஷமே ஒப்புதல் குடுத்துடுச்சு, நம்ம பக்கம் 41 வருஷம் இழுத்தடிச்சோம். 17,000 ஏக்கருக்கு மேல குடுத்துட்டு 7,000 ஏக்கர் சொச்சம்தான் வருதுங்கிற கணக்கு அரசியல்ல ஓடிட்டே இருந்துச்சு, அந்த ஏக்கர்ல நம்ம அதிகாரி ஒருத்தர் கூட போய் நின்னதில்லைங்கிறதை யாரும் பேசல. கடைசியா 2015 மே மாசம் 100ஆவது திருத்தம் பார்லிமென்ட்ல நிறைவேறி, ஜூலை 31 நள்ளிரவு துண்டுகள் கைமாறுச்சு. அந்த ராத்திரி 68 வருஷத்துக்குக் கணக்கா 68 மெழுகுவத்தி ஏத்தினாங்க.

எந்தக் குடியுரிமை வேணும்னு ஜனங்களையே கேட்டாங்க பாருங்க, அதுதான் இதுல ரொம்ப சரியா நடந்த காரியம். அம்பதாயிரம் பேருக்கு மேல இருந்தாங்க, வங்கதேசப் பக்கத்துலேர்ந்து இந்தியாவுக்கு வர்றோம்னு கிளம்பினவங்க ஆயிரத்துக்கும் குறைவு, இந்தப் பக்கத்துலேர்ந்து அங்க போறேன்னு ஒருத்தர் கூட சொல்லல. பெரும்பாலானவங்க இருந்த இடத்துலயே இருந்தாங்க, எல்லைதான் அவங்களைத் தாண்டிப் போச்சு. வந்தவங்க தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி முகாம்கள்ல தகரக் கொட்டகைல வருஷக்கணக்கா காத்துக்கிடந்தாங்க, அது நமக்குப் பெருமை இல்ல. தஹகிராம்-அங்கோர்போதா மட்டும் இன்னும் வங்கதேசத் துண்டாவே இருக்கு, அதுக்குப் போற வழி தீன் பிகா, 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம். 1992ல தொறந்தப்ப பகல்ல சில மணி நேரம்தான், 24 மணி நேரமும் தொறந்தது 2011ல.

கேள்வி: கடல்ல 200 மைல் வரைக்கும் நம்ம உரிமைன்னு சொல்றாங்க. நாங்க கொஞ்ச நேரம் ஓட்டினாலே எல்லை தாண்டிட்டேன்னு பிடிக்கிறாங்களே, அது எப்படி?
(விசைப்படகு தொழிலாளி, ராமேஸ்வரம்)

பதில்: அண்ணே, 1982ல ஐ.நா. கடல் சட்டம் சொல்றது இது. கரைலேர்ந்து 12 கடல் மைல் பிராந்தியக் கடல், அது நெலம் மாதிரியே நாட்டுக்குச் சொந்தம். 24 வரைக்கும் சுங்கம், குடியேற்றம் மாதிரி விஷயங்களுக்கு சோதனை போடுற அதிகாரம். 200 வரைக்கும் பிரத்யேகப் பொருளாதார மண்டலம், மீன், எண்ணெய் எடுக்கிற உரிமை மட்டும், மத்த நாட்டுக் கப்பல் தாராளமா போகலாம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 200ன்னா 370 கிலோமீட்டர்.

இதெல்லாம் எதிர்ல ஆள் இல்லாத கடலுக்குத்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டர்தான், ரெண்டு பேரும் 12 மைல் எடுத்தாலே ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும், அப்புறம் 200 எங்க. அந்த மாதிரி இடத்துல ரெண்டு நாடும் உக்காந்து பேசி நடுவுல ஒரு கோடு போட்டுக்கணும். 1974ல பாக் ஜலசந்திக்கும், 1976ல மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடாவுக்கும் இந்திரா காந்தி, சிறிமாவோ பண்டாரநாயக்க காலத்துல அதைப் போட்டாங்க. கச்சத்தீவு 285 ஏக்கர், அதுக்கு மேற்க சுமார் ஒரு மைல் தள்ளி கோடு போகுது, தீவு அந்தப் பக்கம் போயிடுச்சு. 1974 ஒப்பந்தத்துல நம்ம மீனவரும் யாத்ரீகரும் முன்ன மாதிரியே கச்சத்தீவுக்கு வந்து போகலாம், பாஸ்போர்ட் விசா வேண்டாம்னு இருக்கு, அதனாலதான் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போயிட்டு வர்றீங்க. ஆனா 1976ல பரிமாறின கடிதத்துல ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் மீன் பிடிக்கக்கூடாதுன்னு வந்துடுச்சு, பிடிபடறதுக்கு அடிப்படை அதுதான்.

அந்தக் கோட்டைப் போட்டப்ப கரைல இருந்த உங்க அப்பா, தாத்தா காலத்து ஆளுங்களை யாரும் கூப்பிட்டுக் கேக்கலைங்கிற உங்க வருத்தம் நூத்துக்கு நூறு நியாயம். காலங்காலமா வலை காயப்போட்ட இடம், ரெண்டு கரைலயும் ஒரே மொழி, ஒரே தொழில், சொந்தபந்தம். சுட்டதையும் அடிச்சதையும் எந்தக் கோடும் நியாயப்படுத்தாது, எத்தனை குடும்பம் அதுல அழிஞ்சு போயிருக்குன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொண்ணையும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. எதிர்ல இருக்கிறவங்களும் தமிழ் மீனவங்கதான். போர் நடந்த காலத்துல அவங்களைக் கடலுக்கே போக விடல, 2009க்கு அப்புறம் சின்னப் படகுல திரும்ப இறங்கினப்ப நம்ம இழுவைமடி அவங்க வலையை அறுத்துட்டுப் போகுது, கடல் தரையைச் சுரண்டிக் குஞ்சு மீன் வரைக்கும் வாரிடுது. இலங்கை 2017ல இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடுத்துடுச்சு. நம்ம பக்கமும் அதே வருஷம் இழுவைப் படகை விட்டுட்டு ஆழ்கடலுக்கு மாறுற திட்டம் வந்துச்சு, ஆனா கடன்ல படகு வாங்கினவர் எப்படி மாறுவாருங்கிறதுக்கு சரியான வழி இன்னும் அமையல. தீவு திரும்ப வந்தாலும் அதைச் சுத்தி மீன் இருந்தாத்தானே. ரெண்டு கரை மீனவர் சங்கமும் நேருக்கு நேர் உக்காந்து பேசினது முன்ன நடந்திருக்கு, அதை விடாம நடத்தணும், டெல்லியும் கொழும்பும் பேசுறதைவிட அதுலதான் எனக்கு நம்பிக்கை.

கேள்வி: ஆப்பிரிக்கா மேப்ல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கே. சுதந்திரம் வந்தப்பவே அதையெல்லாம் அழிச்சு இன வாரியா திரும்பப் போட்டிருக்கலாமே?
(போட்டித்தேர்வு எழுதுபவர், மதுரை)

பதில்: 1884 நவம்பர்லேர்ந்து 1885 பிப்ரவரி வரைக்கும் நடந்த பெர்லின் மாநாட்டுலதான் எல்லாக் கோடும் போட்டாங்கன்னு நெறைய பேர் எழுதுறாங்க. ஆப்பிரிக்கர் ஒருத்தரைக் கூட கூப்பிடாம நடந்த கூட்டம்ங்கிறது நெஜம். ஆனா அங்க முடிவானது யார் எப்படிப் பிடிக்கலாம்ங்கிற விதிமுறைதான், கோடு பெரும்பாலும் அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டு நாடா பேசிப் போட்டது. 1890ல ஜெர்மனிக்கு ஜாம்பேசி ஆத்துக்கு ஒரு வழி வேணும்னு நமீபியாலேர்ந்து 450 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வால் மாதிரி நெலத்தை பிரிட்டன்கிட்ட வாங்கினாங்க, கப்ரிவி பட்டை. கீழ விக்டோரியா அருவி இருக்கு, அந்த ஆத்துல கப்பல் விட்டு இந்தியப் பெருங்கடலுக்குப் போகவே முடியாது. அந்த வால் இன்னைக்கும் நமீபியா மேப்ல இருக்கு. ஏற்கனவே வாழ்ந்துட்டிருக்கிற ஜனங்க மேல வெளியாள் கொண்டாந்து வெக்கிற இந்த மாதிரி எல்லையைத்தான் சூப்பர்இம்போஸ்டு பவுண்டரின்னு புக்ல சொல்றாங்க. மசாய் மக்கள் கென்யாலயும் டான்சானியாலயும், எவே மக்கள் கானாலயும் டோகோலயும் பிரிஞ்சு நிக்கிறாங்க.

திரும்பப் போட்டிருக்கலாமேன்னு கேக்கறீங்க. 1964ல கெய்ரோல ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு கூடினப்ப இதே கேள்வி வந்துச்சு, சுதந்திரம் வந்த அன்னைக்கு என்ன எல்லையோ அதையே மதிப்போம்னு முடிவு பண்ணாங்க, சோமாலியாவும் மொராக்கோவும் மட்டும் ஒத்துக்கல. லத்தீன் அமெரிக்காவுல ஸ்பெயின் போனப்ப பின்பத்தின அதே கொள்கை, ஊட்டி பொசிடெட்டிஸ்னு தேர்வுல வரும். புர்கினா பாசோ, மாலி வழக்குல 1986ல சர்வதேச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்துச்சு. அந்த முடிவு சரின்னுதான் எனக்குத் தோணுது. இனம் பாத்துக் கோடு போடுறதுன்னா ஜனங்க கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தனித்தனியா நிக்கணும், நெஜத்துல அப்படி யாரும் நிக்கிறதில்ல, மொதல் பதில்ல சொன்ன கிரீஸ்-துருக்கி கதைதான் திரும்ப நடக்கும். கோட்டை நகத்துறதுக்கு பதிலா கடக்குறதைச் சுலபமாக்கலாம், மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 1979ல விசா இல்லாமப் போய்வர ஒப்பந்தம் போட்டது அந்த வழிதான்.

கேள்வி: ஜெரிமாண்டரிங்னா என்ன? நம்ம தொகுதி மறுவரையறையும் அதுவும் ஒண்ணா?
(பள்ளி ஆசிரியை, சேலம்)

பதில்: ஒண்ணு இல்லைங்க டீச்சர், நிறைய பேர் குழப்பிக்கிறாங்க, டிவி விவாதத்துல கூட. 1812ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெரி, தன் கட்சிக்குச் சாதகமா தொகுதி பிரிச்ச சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு. அதுல ஒரு தொகுதி, பாக்க பல்லி ஜாடைல இருக்கிற சாலமாண்டர்ங்கிற பிராணி மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு இருந்துச்சு, பாஸ்டன் பத்திரிகை ஒண்ணு அதுக்கு இறக்கையும் நகமும் வெச்சுப் படம் போட்டு, அவர் பேரையும் சாலமாண்டர் பேரையும் ஒட்டவெச்சுடுச்சு.

போர்டுல போட்டுக் காட்டுங்க, பசங்களுக்கு உடனே புரியும். 50 ஓட்டர், 5 தொகுதி, ஒவ்வொண்ணுலயும் 10 பேர். அ கட்சிக்கு 30 ஓட்டு, ஆ கட்சிக்கு 20. நியாயமா பாத்தா அ கட்சிதான் ஜெயிக்கணும். இப்ப கோடு போடுற பென்சில் ஆ கட்சி கையில. ரெண்டு தொகுதில அ கட்சிக்காரங்களை 9 பேர், 9 பேர்னு திணிச்சுடறாங்க. மிச்சம் மூணு தொகுதில ஒவ்வொண்ணுலயும் அ 4, ஆ 6. மூணுக்கு ரெண்டுன்னு ஆ கட்சி ஜெயிச்சுடுது, 20 ஓட்டை வெச்சுக்கிட்டு. ஒரு ஓட்டு கூட கள்ள ஓட்டு இல்ல. திணிக்கிறது பேக்கிங், சிதறடிக்கிறது கிராக்கிங்.

நம்ம ஊர்ல கோடு போடுறது கட்சி இல்ல, டிலிமிட்டேஷன் கமிஷன், சுப்ரீம் கோர்ட் நீதிபதியா இருக்கிறவரோ இருந்தவரோதான் தலைமை. அரசியல் சட்டத்தோட 329ஆவது பிரிவு, தொகுதி பிரிக்கிற சட்டத்தைக் கோர்ட்ல கேள்வி கேக்க முடியாதுன்னு சொல்லுது. இங்க பெரிய சண்டை கோட்டோட வடிவம் பத்தி இல்ல, எந்த மாநிலத்துக்கு எத்தனை சீட்டுங்கிறதுதான். அது வேற கருத்து, மால்அப்போர்ஷன்மென்ட், ஒரு இடத்து ஓட்டுக்கும் இன்னொரு இடத்து ஓட்டுக்கும் எடை வேற வேறயா இருக்கறது. இங்கிலாந்துல ஓல்ட் சாரம்னு ஒரு தொகுதி, 1831ல ஓட்டர் 11 பேர், எம்.பி. ரெண்டு பேர், அடுத்த வருஷம் சீர்திருத்தச் சட்டம் வந்துதான் ஒழிஞ்சுது.

நம்ம கதைல 1976ல 42ஆவது திருத்தம் மக்களவை சீட்டுப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்புல நிறுத்தி வெச்சுச்சு, 84ஆவது திருத்தம் அதை 2026க்கு அப்புறம் எடுக்குற முதல் கணக்கெடுப்பு வரைக்கும் தள்ளுச்சு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா நடத்தின மாநிலம் சீட்டை இழக்கக்கூடாதுங்கிறதுதான் காரணம். தமிழ்நாட்டுக்கு இது கற்பனை பயம் இல்ல, 1962ல 41 எம்.பி. இருந்தாங்க, 1967 தேர்தல்ல 39 ஆயிடுச்சு. ஒரு ஆளுக்கு ஒரே மதிப்புள்ள ஓட்டுங்கிற கொள்கையும் நியாயம், அரசாங்கம் சொன்னதைச் செஞ்சவனுக்கு தண்டனை கூடாதுங்கிறதும் நியாயம். கூட்டாட்சில மாநிலத்துக்கும் ஒரு எடை உண்டு, வெறும் தலைக்கணக்கா முடிச்சுடக்கூடாதுங்கிறது என் கருத்து. வகுப்புல ரெண்டு பக்கத்தையும் பசங்களைப் பேச விடுங்க.

கேள்வி: டிவில ஜியோபாலிடிக்ஸ், ஹார்ட்லேண்ட், சோக்பாயிண்ட்னு பேசுறாங்க. சுருக்கமா?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்)

பதில்: நெலமும் கடலும் அமைஞ்ச விதம் நாடுகளோட பலத்தை எப்படித் தீர்மானிக்குதுங்கிற பேச்சுதான் ஜியோபாலிடிக்ஸ். 1890ல அமெரிக்கக் கடற்படை அதிகாரி மஹான், கடலை ஆள்றவன்தான் பெரிய ஆள்னு எழுதினாரு. 1904ல லண்டன்ல மெக்கிண்டர், ரயில் வந்துடுச்சு, இனிமே கப்பல் நெருங்க முடியாத ஆசியாவோட நடுப்பகுதியை யார் வெச்சிருக்காங்களோ அவங்க கைதான் ஓங்கும்னு சொன்னாரு, அப்பத்தான் சைபீரியா ரயில் பாதை போட்டுட்டிருந்தாங்க. அந்த நடுப்பகுதிதான் ஹார்ட்லேண்ட். பின்னாடி ஸ்பைக்மேன் வந்து, நடு இல்ல, அதைச் சுத்தி இருக்கிற கரையோரம்தான் முக்கியம்னாரு. சோக்பாயிண்ட்னா ஹோர்முஸ், மலாக்கா, சூயஸ் மாதிரி கப்பல் போற குறுகலான வழி. ஹோர்முஸ் ரொம்பக் குறுகின இடத்துல 33 கிலோமீட்டர் போல. 2021 மார்ச்ல 400 மீட்டர் கப்பல் ஒண்ணு சூயஸ்ல குறுக்க மாட்டி ஆறு நாள் வழி அடைச்சுதே, அதுதான் சோக்பாயிண்ட்.

டிவில சொல்லாத ஒரு பழைய கதையும் இருக்கு. ஜெர்மனில ராட்செல்னு விலங்கியல் படிச்சுட்டு புவியியலுக்கு வந்தவர், நாடும் ஒரு உயிர் மாதிரி, வளர இடம் வேணும்னு எழுதினாரு, 1901ல லேபன்ஸ்ரௌம், அதாவது வாழும் இடம்னு ஒரு கட்டுரையே போட்டாரு. அதை ஹவுஸ்ஹோபர்னு முன்னாள் ராணுவ ஜெனரல் எடுத்துக்கிட்டாரு, அவரோட மாணவன் ருடால்ப் ஹெஸ், 1924ல லாண்ட்ஸ்பெர்க் ஜெயில்ல ஹெஸ்ஸும் ஹிட்லரும் இருந்தப்ப அவர் அங்க போய் வந்தாரு. அந்தக் கருத்து கிழக்கு ஐரோப்பாவுல என்ன பண்ணுச்சுன்னு உலகத்துக்கே தெரியும். நாட்டுக்குப் பசிக்காது, தாகம் எடுக்காது, மனுஷனுக்குத்தான் எடுக்கும், அதை மறந்துட்டு மேப்பை மட்டும் பாத்துப் பேசுற எந்த நிபுணரையும் நான் நம்பறதில்ல.

கேள்வி: எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நெலம் ஆப்பிரிக்காவுல இருக்காமே, அங்க யார் வேணா கொடி நட்டு நாடு ஆரம்பிக்கலாமா?
(பிளஸ் டூ மாணவன், ஈரோடு)

பதில்: பிர் தவீல் தம்பி. எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவுல 2,060 சதுர கிலோமீட்டர் பாலைவனம். 1899ல பிரிட்டிஷ்காரங்க 22ஆவது அட்சரேகைதான் எல்லைன்னாங்க, 1902ல நிர்வாக வசதிக்கு இன்னொரு கோடு போட்டாங்க. எகிப்து மொதக் கோட்டைச் சொல்லுது, சூடான் ரெண்டாவதைச் சொல்லுது, ஏன்னா அப்பத்தான் கடற்கரையோட சேர்ந்த பெரிய ஹலாயிப் முக்கோணம் தன் பக்கம் வரும். பிர் தவீலைக் கேட்டா ஹலாயிப்பை விட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும், அதனால ரெண்டு பேரும் அதைத் தொடல. வெளிநாட்டுக்காரங்க சிலர் கொடி நட்டுட்டு நான்தான் ராஜான்னு போட்டோ போட்டிருக்காங்க, எந்த நாடும் ஏத்துக்கல, மான்டிவிடியோ தகுதில ஒண்ணு கூட அதுல வராது. 1902 கோட்டைப் போட்டதுக்குக் காரணமே அங்க ஆடு, ஒட்டகம் மேய்ச்ச அபாப்தா மக்கள்தான், அவங்க எகிப்துப் பக்கத்து ஆளுங்கன்னு அந்த நெலத்தை அந்தப் பக்க நிர்வாகத்துல சேர்த்தாங்க. அபாப்தா, பிஷாரி மேய்ச்சல்காரங்க இன்னைக்கும் வந்து போறாங்க, தங்கம் தோண்டுறவங்களும் இருக்காங்க. கொடி நடப் போறவங்க அவங்ககிட்ட யாரும் கேட்டதா தெரியல.